மலையில் ஒரு கீறல்: பினாங்கின் 76 மீட்டர் கோட்டுக்கு யார் காவல்?

5 அக்டோபர் 2024 – வாசகர் ஒருவரின் கேள்வி

பாயா தெருபோங்கில் பதினோராவது மாடி எங்கள் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே மலை. மூன்று வாரமாக அதன் நடுவில் செக்கச்செவேலென்று ஒரு கீறல். முதலில் ரொட்டி சானாய் அளவில் இருந்தது. இப்போது பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. 76 மீட்டருக்கு மேல் மலையைத் தொடக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே? மாநகர் மன்றம் நினைத்தால் ஒரே நாளில் நிறுத்தலாம். நினைப்பதில்லை, அவ்வளவுதான். இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

5 அக்டோபர் 2024, இரவு – பதில்

பாதி சரி, பாதி தப்பு. தப்பை முதலில் சொல்கிறேன்.

நான் 22 வருடம் நில அளவையாளர்களுக்குக் கோல் பிடித்தவன். அவர் கருவிக்குப் பின்னால் நிழலில் நிற்பார், நான் புதரில் அட்டைக்கடியோடு கோலை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். அதனால் இந்த 76 எனக்குப் பழைய கூட்டாளி. அது பழைய 250 அடிதான். அடிக்கணக்கு போய் மீட்டர் வந்ததும் 76 ஆனது. அது இருக்கும் இடம், எங்கே என்ன கட்டலாம் என்று வகுக்கும் பினாங்கு மாநிலத்தின் கட்டமைப்புத் திட்டம். 2007-ல் அரசிதழில் ஏறியது. 250 அடிக்கு மேலே உள்ள நிலம், அல்லது சரிவு 25 டிகிரியைத் தாண்டிய நிலம், இரண்டும் மலைநிலம். அங்கே கட்டுமானம் கூடாது.

அப்புறம் ஏன் மேலே கட்டடம் தெரிகிறது என்றால், அதே திட்டத்தில் 'சிறப்புத் திட்டங்கள்' என்று ஒரு வழியும் விட்டிருக்கிறார்கள். அந்தக் கோடு வருவதற்கு முன்பே வீட்டு நிலம் என்று வகைப்படுத்தப்பட்டுவிட்ட மலைகளும் உண்டு. இப்போது மறுத்தால் உரிமையாளர் நஷ்டஈடு கேட்டு நீதிமன்றம் போவார் என்பது அதிகாரிகளின் பழைய பயம். பயம் பொய்யில்லை. ஆனால் பயத்துக்கும் வசதிக்கும் நடுவில் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உங்கள் கீறல் 76-க்கு மேலேயா கீழேயா? அதைச் சொல்லாமல் மன்றத்தைத் திட்டிப் பயனில்லை.

6 அக்டோபர் 2024

'எப்படி அளப்பது, ஹெலிகாப்டரா வைத்திருக்கிறேன்' என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தண்ணீர் பாட்டில் போதும்.

லேபிளை உரித்துவிட்டு, பாதி தண்ணீர் ஊற்றி ஜன்னல் விளிம்பில் நிறுத்துங்கள். குனியுங்கள். மேலிருந்து பார்த்தால் நீர்மட்டம் வட்டமாகத் தெரியும். கண் சரியான உயரத்துக்கு வரும்போது அது ஒரே ஒரு கோடாகிவிடும். அந்தக் கோட்டை அப்படியே மலை வரைக்கும் கண்ணால் நீட்டுங்கள். அது தொடும் இடம் உங்கள் கண் இருக்கும் அதே உயரம். பதினோராவது மாடி என்றால் தரையிலிருந்து சுமார் 30 மீட்டர். அதோடு உங்கள் பிளாட் நிற்கும் தரையே கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே என்பதையும் கூட்ட வேண்டும்.

கடல்மட்டம் என்றதும் நம் தஞ்சோங் பூங்கா கடல் என்று நினைத்துவிடாதீர்கள். தீபகற்பம் முழுவதற்கும் உயரம் கணக்கிடுவது கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை அளந்த சராசரிக் கடல்மட்டத்தை வைத்து. நம் கொடிமலைக்கு, அதாவது பினாங்கு மலைக்கு, உயரம் சொல்லவும் கிள்ளானைக் கேட்க வேண்டும். என் அளவையாளர் ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லி ஆதங்கப்படுவார், ஏதோ சம்பந்தம் பேசும்போது அவமானப்பட்டவர் மாதிரி.

25 டிகிரி என்பது நம் வீட்டு மாடிப்படி அளவு. அவ்வளவு செங்குத்தெல்லாம் இல்லை.

7 அக்டோபர் 2024

மேலே எழுதியதில் திருத்தம். என் மகன் போனை மாடிப்படியின் கைப்பிடியில் வைத்துக் காட்டினான்: 32. ஆக 25 டிகிரி என்பது மாடிப்படியை விடச் சாய்வு குறைவு. ஒரு மீட்டர் முன்னே நடந்தால் 47 சென்டிமீட்டர் மேலே ஏறியிருப்பீர்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். மழையில் ஊறிய மண்ணுக்கு அது சாதாரணமில்லை.

10 அக்டோபர் 2024

பாட்டில் சோதனை செய்ததற்கு நன்றி. கீறலின் அடி நீர்க்கோட்டில் இருக்கிறது, மற்றதெல்லாம் அதற்கு மேலே என்கிறீர்கள். அப்படியானால் அடி 76-க்குக் கீழே, தலை ஒருவேளை மேலே. கோட்டில் உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட இடங்கள்தான் எப்போதும் வம்பு.

'மன்றம் நினைத்தால்' என்பதற்கு வருகிறேன். நிலமும் காடும் அரசியலமைப்பின்படி மாநிலத்தின் கையில். நிலத்தை மாற்றுவது, பிரிப்பது, அதற்குப் பிரீமியம் என்ற கட்டணம் வாங்குவது எல்லாம் நில அலுவலகம். மலைநிலம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் காட்டை வெட்ட 1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தருவதும் அவர்களே. கட்டடம் எழுப்பத் திட்ட அனுமதி கொடுப்பது மாநகர் மன்றம், 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தேவைப்பட்டால் அது கூட்டரசின் சுற்றுச்சூழல் துறை. ஆக ஒரு மலைக்கு நாலு மாமியார். மருமகள் என்ன செய்தாலும் ஒவ்வொரு மாமியாரும் மற்ற மூவரைக் கைகாட்டலாம்.

ஆனால் நீங்கள் சொன்னதில் சரியான பாதி இது: அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டினால் உடனே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு. 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தில் 70ஏ பிரிவு. ஒரே நாள் வேலைதான்.

11 அக்டோபர் 2024

'அப்போ நான்தான் ஜெயித்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, பாதிக் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

13 அக்டோபர் 2024

புகார் கொடுத்த அனுபவம் உண்டா என்று ஒருவர் கேட்டார். உண்டு. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மழை பெய்யும் போதெல்லாம் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் தே தாரிக் (பால் டீ) நிறத்தில் ஓடியது. மேலே எங்கோ மண்ணைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. போன் செய்தேன். இது எங்கள் பிரிவு இல்லை என்றார்கள். அடுத்த எண், அடுத்த பிரிவு, மீண்டும் முதல் எண். மூன்றாம் வாரம் உண்மையிலேயே ஒருவர் வந்தார். கால்வாயைப் படம் எடுத்தார். மேலே பார்க்கவே இல்லை. கால்வாய் ஓரத்தில் என் மனைவி வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டிகளைப் பார்த்து, இது அரசு ஒதுக்கீட்டு நிலம், அகற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலையைக் காக்கப் போய்க் கறிவேப்பிலையை இழந்த குடும்பம் எங்களுடையது.

19 அக்டோபர் 2024

இன்றோடு ஆறு வருடம். 2018 அக்டோபர் 19, புக்கிட் கூக்குஸ். ஒன்பது தொழிலாளர்கள் மண்ணுக்குள் போனார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு 2017 அக்டோபர் 21-ல் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் சரிவு, பதினோரு பேர். இரண்டிலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள்.

புக்கிட் கூக்குஸ் வீட்டுத் திட்டம் இல்லை, சாலைத் திட்டம். மன்றமே எடுத்து நடத்திய சாலை. வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளர் மட்டும்தான் மலையை வெட்டுகிறார் என்று பேசும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். நெரிசல் தாங்கவில்லை, பாயா தெருபோங்குக்கு இன்னொரு சாலை போடு என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். கையெழுத்துக் கூடப் போட்டிருக்கிறேன்.

இன்று வேறு எதுவும் எழுத மனமில்லை.

4 நவம்பர் 2024

2017 நவம்பர் 4 இரவு எங்கே இருந்தீர்கள் என்று பினாங்குக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாங்கள் அப்போது ஜாலான் பி. ரம்லி பக்கம் தரைவீட்டில் இருந்தோம். அந்த வட்டாரத்தில் வெள்ளம் விருந்தாளி மாதிரி, வரும், கணுக்கால் வரை நிற்கும், போகும். அன்று விருந்தாளி படுக்கையறைக்கே வந்துவிட்டார்.

அதிகாலையில் இடுப்பளவு. ஐஸ்பெட்டி குப்புறக் கிடந்தது. தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கூட முழுதாகத் தாண்டவில்லை போலும், முறுக்கு டின் ஒன்று கூடத்தில் மிதந்து சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் திறந்து பார்த்தால் முறுக்கு மொறுமொறுவென்று இருந்தது. வீட்டில் உருப்படியாகத் தப்பியது அது ஒன்றே. என் அம்மா அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அரிசிப் பானையைக் கவிழ்த்தார். அடியில் கைப்பிடி கைப்பிடியாகச் சிவப்புச் சேறு. கடல் சேறு என்றால் கறுப்பாக இருக்கும், நாறும். இது மலை மண், விரலில் தேய்த்தால் மணல் நெருடும்.

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்: மேலே வெட்டியதால்தான் கீழே வெள்ளம். பல வருடம் அப்படித்தான் பேசினேன்.

5 நவம்பர் 2024

நேற்று எழுதியதில் இரண்டு விஷயம்.

ஒன்று, தீபாவளிக் கணக்குத் தப்பு. 2017-ல் தீபாவளி அக்டோபர் 18, ஆக இரண்டு வாரம் தாண்டி மூன்று நாள். முறுக்குக்கு இன்னும் பெருமை.

இரண்டு, 'வெட்டியதால்தான்' என்ற 'தான்' கொஞ்சம் அதிகம். அன்று கொட்டிய மழைக்குக் காடு முழுசாக இருந்தாலும் வெள்ளம் வந்திருக்கும். தண்ணீர் மழையுடையது. அரிசிப் பானையில் இருந்த மண் மட்டும் யாரோ திறந்துவிட்டது. மரத்தடி மண்ணில் மழை விழுந்தால் இலை தாங்கும், சருகு உறிஞ்சும், வேர் பிடிக்கும். திறந்த மண்ணில் விழுந்தால் ஒவ்வொரு துளியும் ஒரு சின்னக் கொத்து. அந்த மண் கால்வாயில் படிந்து ஆழத்தைக் குறைக்கிறது. அடுத்த மழைக்கு அதே கால்வாய் பாதி அளவு. இதுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது.

12 நவம்பர் 2024

மொட்டைமலையை விட்டுவிட்டீர்களே என்று பாயான் லெப்பாஸ்காரர் கோபித்திருக்கிறார். புக்கிட் ரெலாவ். 2013-ல் உச்சியை அனுமதியில்லாமல் வழித்துவிட்டார்கள், பினாங்குப் பாலத்தில் வரும்போதே தெரியும். வழக்குப் போட்டு 30,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். முப்பதாயிரம். தலைக்கு முடி இறக்கினால் தைப்பூசத்துக்குப் பிறகு மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். மலைக்கு எத்தனை வருடம் என்று நாவிதரிடம் கேட்க முடியாது.

20 நவம்பர் 2024

மரத்துக்குச் சட்டம் உண்டா என்ற கேள்விக்கு: உண்டு. தண்டின் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை மன்றத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. 1995 திருத்தத்தில் திட்டமிடல் சட்டத்துக்குள் வந்தது. 0.8 மீட்டர் சுற்றளவு என்றால் குறுக்கே 25 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்று மேலே. உங்கள் வாசலில் நிற்கும் மாமரம் கூடத் தேறும். பட்டுப்போன மரம், விழும் ஆபத்தில் உள்ள மரம் என்றால் விலக்கு.

என் பக்கத்து வீட்டு அண்ணன் தன் மாமரத்தைப் போய் அளந்துவிட்டு வந்தார். 79 சென்டிமீட்டராம். 'அடுத்த மழைக்குள் வெட்டிவிட வேண்டும்' என்கிறார். நல்லதைச் சொல்லப் போனால் இப்படி.

2 டிசம்பர் 2024

மன்றத்தையே திட்டிக்கொண்டிருக்கிறோம், எதையும் உருப்படியாகச் செய்ததில்லையா என்று ஒருவர் நியாயமாகக் கேட்டார்.

2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் இலவசப் பிளாஸ்டிக் பை கிடையாது என்று மாநிலம் தொடங்கியபோது நான் சிரித்தேன். 2011-ல் தினமும் என்றானது, பைக்கு 20 காசு. என் மனைவி அந்த 20 காசைக் கொடுக்க மறுத்துப் பத்து முட்டையைத் துப்பட்டாவில் முடிந்து கொண்டுவந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. 2016 ஜூனில் குப்பையைப் பிரிக்கச் சொன்னார்கள். இதெல்லாம் நடந்தது, நடக்கிறது.

கொடிமலையை 2021-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கியது. 12,481 ஹெக்டர், தாவரவியல் பூங்காவும் பினாங்கு தேசியப் பூங்காவும் சேர்த்து. மலேசியாவில் மூன்றாவது. பெருமைதான். ஆனால் யுனெஸ்கோ பலகை வேறு, சட்டம் வேறு. பலகையைக் காட்டி மண்வாரியை நிறுத்த முடியாது.

கவனித்தீர்களா, பையில் மன்றமும் மாநிலமும் கறாராக இருக்க முடிந்தது. பையில் யாருக்கும் கோடிக்கணக்கில் பணம் இல்லை.

8 டிசம்பர் 2024

தண்ணீர் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. நம் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிறப்பது கெடாவின் ஊலு மூடா காட்டில். நம் மன்றம் இங்கே உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் பாரிஜாதப் பூசை செய்தாலும், அங்கே மரம் போனால் இங்கே குழாய் இருமும். 1962-ல் கட்டிய ஆயர் ஈத்தாம் அணை போதும் என்ற காலமெல்லாம் போய்விட்டது.

15 டிசம்பர் 2024

கோலாலம்பூர் வாசகருக்கு. தாமான் ரிம்பா கியாராவை நீங்கள் இழுத்தது நல்லது, எனக்கு அதில் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு.

கதை தெரியாதவர்களுக்கு: தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் ஓரத்தில் ஒரு பூங்கா. அதில் ஏறக்குறைய பாதியில் 1,766 சொகுசு அடுக்ககங்களும், தனிக் கட்டடத்தில் 350 மலிவு வீடுகளும் கட்ட 2017-ல் அனுமதி கிடைத்தது. சுற்றியிருந்த குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோல்வி, 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றி, 2023 ஏப்ரல் 18-ல் கூட்டரசு நீதிமன்றத்திலும் வெற்றி. அனுமதி ரத்து. கட்டமைப்புத் திட்டம் அலமாரியில் வைக்கும் அலங்காரப் புத்தகம் இல்லை, மீறினால் காரணம் சொல்ல வேண்டும் என்று ஆனது. நான் அன்று கைதட்டினேன்.

இரவு என் மைத்துனர் கெப்போங்கிலிருந்து போன் செய்தார். 'மாமா, பூங்கா தப்பித்தது. அந்த நீண்ட வீட்டு ஜனங்களுக்கு என்ன?' என்றார். புக்கிட் கியாரா தோட்டத்தில் பால்வெட்டிய குடும்பங்கள். எண்பதுகளில் தோட்டம் போனதும் தற்காலிகம் என்று சொல்லி நீண்ட வீடுகளில் வைக்கப்பட்டவர்கள், நூறு குடும்பம் அளவில். தற்காலிகம் நாற்பது வருடத்தைத் தொட்டது. அந்த 350 மலிவு வீட்டில்தான் அவர்களுக்கும் இடம் சொல்லியிருந்தார்கள்.

நூறு குடும்பத்துக்கு வீடு கொடுக்க 1,766 சொகுசு வீடு எதற்கு என்று நான் கேட்டேன். 'அதைக் கேட்க அவர்களுக்கு வக்கீல் யார் மாமா' என்றார்.

நான் தீர்ப்பைத் தப்பு என்று சொல்லவில்லை. பூங்காவும் வேண்டும், வீடும் வேண்டும், இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒன்றை எடு என்று சொன்ன கைதான் தப்பு. பச்சையைக் காக்கிறோம் என்று நாம் பேசும் இடத்தில் பாதி நேரம் நம் ஆட்களே அந்தப் பச்சைக்குள் குடியிருக்கிறார்கள்.

17 டிசம்பர் 2024

பினாங்கிலும் அதே 2023-ல் ஒரு தீர்ப்பு, மேலே சொல்ல மறந்தேன். சுங்கை ஆரா மலைச்சரிவில் ஒரு வீட்டுத் திட்டம். பக்கத்து அடுக்ககத்தார் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள், வாரியம் 2015-ல் அனுமதியை ரத்து செய்தது. வழக்கு ஏறி இறங்கிக் கூட்டரசு நீதிமன்றத்தில் குடியிருப்பாளர் பக்கமே முடிந்தது. அந்த 76, 25 இரண்டும் வெறும் ஆலோசனை இல்லை என்று அன்றுதான் எனக்குத் தைரியம் வந்தது.

ஆனால் ஒரு வினோதம் பாருங்கள். பக்கத்து நில உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபிக்க 21 நாள் கொடுக்க வேண்டும் என்ற விதி, அந்த வட்டாரத்துக்கான விரிவான திட்டம், அதாவது உள்ளூர்த் திட்டம், இன்னும் நடப்புக்கு வராத இடத்துக்குத்தான். உள்ளூர்த் திட்டம் வந்துவிட்டால் அந்த அறிவிப்பு கட்டாயமில்லை. அதாவது திட்டம் வரையும்போதே நாம் போய்ப் பேசியிருக்க வேண்டும். வரைபடக் கண்காட்சிக்கு யார் போகிறோம்? நான் ஒருமுறை போனேன். குளிர்சாதனம் நன்றாக இருந்தது. என்னைத் தவிர ஒரு பாதுகாவலர் இருந்தார்.

29 டிசம்பர் 2024

வாக்கு இருந்தால் மன்றம் பயப்படும் என்பவர்களுக்கு: ஜார்ஜ்டவுனுக்கு ஒரு காலத்தில் அது இருந்தது. 1951-லேயே இங்கே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957-ல் மாநகரானபோது முதல் மேயர் டி.எஸ். இராமநாதன். ஸ்காட் சாலைக்கு இப்போது அவர் பெயர், அந்த வழியாகப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆள் யாரென்று தெரியும்? 1965-ல் தேர்தலை நிறுத்தினார்கள். அதோடு சரி. இன்று மேயரும் உறுப்பினர்களும் நியமனம். ஓட்டு இருந்தால் மலை தப்பியிருக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். திட்டுவதற்கு ஒரு முகவரியாவது இருந்திருக்கும்.

11 ஜனவரி 2025

அடக் கடவுளே.

12 ஜனவரி 2025

நேற்று அந்த ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. நம் பதினோராவது மாடிக்காரர் மலையேறும் சீன நண்பர் ஒருவரோடு கீறலுக்கே போய்ப் படம் அனுப்பியிருக்கிறார். மேம்பாட்டாளரும் இல்லை, தொழிலாளர் தங்கும் கொங்சியும் இல்லை, திட்டப் பலகையும் இல்லை. படிப்படியாக வெட்டிய வரிசை, கறுப்பு வலை, அதன் அடியில் இடுப்புயரக் கன்றுகள்.

டுரியான்!

மூன்று மாதமாக இல்லாத ஒரு மேம்பாட்டாளரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். 76 எல்லாம் இங்கே இரண்டாம் பட்சம். மலைநிலமாக அரசிதழில் அறிவிக்கப்பட்ட இடமா, ஆம் என்றால் வெட்ட அனுமதி இருக்கிறதா என்பதே கேள்வி. அதைக் கேட்க வேண்டிய முதல் இடம் மன்றமே இல்லை, நில அலுவலகம். ஆக உங்கள் பாதிக் கோப்பையையும் திருப்பிக் கொடுங்கள்.

பாலிக் பூலாவில் டுரியான் சீசன் வந்தால் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து, கை நாற நாறத் தின்றுவிட்டு வருகிற ஆள் நான். அந்த மரங்களும் ஒரு காலத்தில் யாரோ கீறிய கீறலில் வளர்ந்தவை. ஆனால் பழைய தோட்டங்களில் மரத்தடியில் புல், வாழை, கண்டதும் இருக்கும். மண் மூடியே கிடக்கும். இப்போது மண்வாரியை ஏற்றி ஒரே வாரத்தில் தோலை உரித்து, மருந்தடித்து, சுத்தமாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் 'சுத்தம்' கால்வாய் வழியாக வருகிறது.

13 பிப்ரவரி 2025

தைப்பூசம் முடிந்தது, கால் இன்னும் வலிக்கிறது. தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் 76 மீட்டர் எந்த இடத்தில் வருகிறது என்று போனில் பார்த்துச் சொல்கிறேன் என்று வீட்டில் பெருமையடித்திருந்தேன். ஏறும்போது ஒரே படியில் ஒரு எண் காட்டியது, இறங்கும்போது அதே படியில் வேறு எண். முருகன் மலையை நகர்த்தவில்லை, போன் மழுப்புகிறது. 22 வருடம் கோல் பிடித்தவன் போனை நம்பியது என் புத்தி.

கீழே இறங்கி வரும்போது மன்றத் தொழிலாளர்கள் தேங்காய் ஓட்டை வாரிக்கொண்டிருந்தார்கள். நாம் உடைப்பதில் காட்டும் வேகம் அவர்கள் வாருவதிலும் இருந்தது.

2 மார்ச் 2025

பதினோராவது மாடிக்காரருக்கு. கீறல் கொஞ்சம் பச்சை பிடிக்கிறது என்கிறீர்கள். களையா, மூடுபயிரா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நேற்று மழையில் பிளாட்டுக்குப் பின்னால் உள்ள கால்வாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வைத்தீர்களே, அரை மணி நேரத்தில் அடியில் இரண்டு விரற்கடை சிவப்பு மண் படிந்தது என்ற அந்தப் படம் நூறு புகார்க் கடிதத்துக்குச் சமம். தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். மலையேறியபோது பார்த்த எல்லைக்கல்லின் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நில அலுவலகத்துக்கு நானும் வருகிறேன். இரண்டு கேள்விதான் கேட்கப் போகிறோம்: அந்த நிலம் மலைநிலமாக அரசிதழில் உள்ளதா, வெட்ட அனுமதி உண்டா. எங்கள் பிரிவு இல்லை என்றால் எந்தப் பிரிவு என்று எழுதித் தரச் சொல்வோம்.

பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள். மூடியை நன்றாக முறுக்குங்கள், பஸ்ஸில் கொட்டிவிடும்.